இராட்டினமும் பள்ளிக்கூடமும்

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் மூன்று உலகங்கள் இருந்தன. 1923இல் ஜாலான் புசாரில் நியூ வோர்ல்டு. 1931இல் கிம் செங் சாலையில் கிரேட் வோர்ல்டு. 1937இல் கேலாங்கில் ஹாப்பி வோர்ல்டு. இறுதியாகத் தோன்றிய கேளிக்கைப் பூங்காவைப் பற்றியே ஈண்டு எழுத விழைகிறேன்.

மாலை மயங்கியதும் அங்கே விளக்குகள் ஒளிரும். சிறுவர்க்குக் குடை இராட்டினம். துணிந்தவர்க்கு உயர்ந்து சுழலும் பெரிய இராட்டினம். கூச்சலிட விழைவோர்க்கு இருட்டுக்குள் ஓடும் பேய் இரயில். மல்யுத்தமும் நாடகமும் திரைப்படமும் வேறு. அதன் உள்ளரங்கில்தான் 1952இல் மலாயா தாமஸ் கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

அதே வளாகத்தில் நடன மண்டபமும் இருந்தது. சீட்டு வாங்கியவர் அதனைக் கொடுத்து அங்குள்ள மங்கையரோடு ஆடலாம். அம்மங்கையரை ஊரார் எவ்வாறு பேசினர் என்பதை ஈண்டு எழுதவேண்டுவதில்லை. சீட்டு வாங்கியவரோ மறுநாட்காலையில் மதிப்புக் குன்றாமல் தம் கடையிலோ அலுவலகத்திலோ அமர்ந்திருந்தார்!

போர் ஓய்ந்த மறு ஆண்டு, 1946இல், அந்நடன மாதர் சிலர் ஹே யென் நா என்னும் அம்மையாரின் தலைமையில் கேலாங்கில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். 'ஹாப்பி' என்பதே அதன் பெயர். கட்டணம் இல்லை. 1979 வரை அது நடந்தது.

இதனை நண்பர் ஒருவரிடம் கூறினேன். அவரும் ஆசிரியர். "வினைத்தூய்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்தாரே வள்ளுவர்! வந்த வழி தூயதல்லவெனில் செய்த அறம் எங்ஙனம் தூயதாகும்?" என்றார்.

கேள்வி எளிதன்று. ஆயினும் அவர்கள் எவரை ஏமாற்றினர்? எதனைத் திருடினர்? கால் கடுக்க ஆடிப் பெற்ற கூலி அது. அதில் அழுக்கு உண்டெனின், அது கொடுத்தவர் கையிலும் ஒட்டியிருந்திருக்க வேண்டும். அக்கையை எவரும் சோதித்ததில்லை. மாதவி பெற்ற மகளின் கையில் அமுதசுரபியைத் தந்த சாத்தனாருங்கூட, முதற்பிச்சையை ஆதிரையே இடவேண்டும் என்று வைத்தார். கேலாங்கிலோ ஆதிரை வரவில்லை. மணிமேகலையரே பாத்திரமும் ஏந்தினர், பிச்சையும் இட்டனர்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, பள்ளி நடத்தினார்கள், ஆகவே மன்னித்துவிடலாம்" என்றார்.

அந்தச் சொல்தான் இன்றளவும் என்னை உறுத்துகிறது. மன்னிப்பதற்கு நாம் யார்? பள்ளி கட்டியிராவிடில் அவர்களை இகழ்வது முறையாகியிருக்குமோ? நாம் அவர்களைப் போற்றும்போதே, தாழ்ந்தவர்கள் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்னும் பழைய தீர்ப்பையும் உடன் எழுதிவிடுகிறோம். நானும் இக்கட்டுரையில் ஓரளவு அதைத்தான் செய்திருக்கிறேன்.

2000ஆம் ஆண்டை ஒட்டிப் பூங்காவும் மறைந்துவிட்டது. பள்ளிக்கு ஒரு காசும் தராமல், தன் தாயையும் தம்பி தங்கையரையும் மட்டுமே காத்துவந்த ஒருத்தியும் அம்மண்டபத்தில் ஆடியிருப்பாள். அவள் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை.