ஐம்பது ஏறி ஐம்பது இறங்கினால்

முதலீட்டுத் துறைக்கான சி.எஃப்.ஏ. முதல் நிலைத் தேர்வில், படிப்பவர்கள் ‘குவான்ட்ஸ்’ என்று செல்லமாகவும் பயத்தோடும் சொல்லும் கணக்குப் பாடத்துக்கு 6 முதல் 9 சதவீத மதிப்பெண்தான். மொத்தம் 180 கேள்விகளில் பதினைந்து தேறினாலே பெரிது. அதனால் பலர் அதை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு எதிக்ஸ் பக்கம் போய்விடுகிறார்கள். ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கால்குலேட்டரோடு உட்காரும் நடுவயதுக்காரனான எனக்கோ, மொத்தப் பாடத்திட்டத்திலும் தூக்கத்தைக் கெடுத்த பகுதி அதுதான்.

கணக்கு சின்னதுதான். 100 ரூபாய் போடுகிறீர்கள். முதல் வருடம் 50 சதவீதம் ஏறுகிறது, மறு வருடம் 50 சதவீதம் இறங்குகிறது. கூட்டுச் சராசரி பூஜ்யம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் கையில் இருப்பது 75 ரூபாய். பெருக்கல் சராசரி போட்டால் வருடத்துக்குச் சுமார் 13.4 சதவீத நஷ்டம் என்று உண்மை வருகிறது.

இதையே பூவா தலையா போட்டு நான்கு பேர் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் நான்கு வழிகள்: ஒருவருக்கு 225, இருவருக்கு 75, இன்னொருவருக்கு 25. கூட்டி நான்கால் வகுத்தால் சரியாக 100. கூட்டமாகப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆளாகப் பார்த்தால் நாலில் மூன்று பேர் நஷ்டத்தில் நிற்கிறார்கள். தன்னம்பிக்கைப் புத்தகம் எழுதுவது அந்த 225 ரூபாய்க்காரர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

‘துணிந்து இறங்குங்க சார், ஆவரேஜா பார்த்தா லாபம்தான்’ என்று யாராவது சொன்னால், யாருடைய ஆவரேஜ் என்று இப்போதெல்லாம் கேட்கத் தோன்றுகிறது. நாலு பேராகப் பிரிந்து நாலு வழியிலும் வாழ என்னால் முடியாது. எனக்கு வருடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். போன வருடம் மிச்சம் வைத்ததை வைத்துத்தான் இந்த வருடம் ஆட வேண்டும்.

இதைப் பெரிய மூளைகளும் பட்டுத்தான் அறிந்தன. ராபர்ட் மெர்டனும் மைரன் ஷோல்ஸும் 1997-இல் பொருளாதார நோபல் பெற்றார்கள். அவர்கள் பங்குதாரர்களாக இருந்த லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற நிதியம் மறு வருடமே கவிழ்ந்தது. பதினான்கு நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்தின. வேடிக்கை என்னவென்றால், அப்படிப் போட்ட பணம் பின்னர் திரும்பி வந்துவிட்டது. நிதியத்துக்காரர்கள் கணித்ததில் பெரும்பகுதி தப்பில்லை. அது பலிக்கும்வரை களத்தில் நிற்கத்தான் பணமில்லை. கையிருப்பைப்போல் இருபது மடங்குக்கும் மேல் கடன் வாங்கியிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘எதிலும் இறங்காதே’ என்று அர்த்தம் எடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேலே சொன்ன 100 ரூபாய் கணக்கில் ஒவ்வொரு வருடமும் கையில் இருப்பதில் பாதியை மட்டும் பணயம் வைத்திருந்தால், கடைசியில் 75-க்குப் பதில் 93.75 மிஞ்சியிருக்கும். இறங்கலாமா என்பதைவிட எவ்வளவோடு இறங்கலாம் என்பதுதான் கேள்வி. வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கப்போகும் நண்பனிடம், வீட்டுப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்தது.

வாழ்க்கையில் எல்லா நஷ்டமும் பெருக்கல் கணக்கல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தேர்வில் தோற்றால் கட்டின ஃபீஸும் சில மாத ராத்திரிகளும் போகும்; அது வெறும் கழித்தல், அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். கந்துவட்டிக் கடன், கெட்டுப்போன உடம்பு, ஊரில் போன பேர், இவையெல்லாம் பெருக்கல். அதற்குப் பிறகு எது வந்தாலும் குறைந்துபோன தொகையின் மேல்தான் வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பாடப்புத்தகத்தில் சூத்திரம் இல்லை. பெண்ணின் பள்ளிக்கூட நாட்களில் அவளோடு உட்காராமல் நான் படித்துக் கழிக்கும் ராத்திரிகளை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.