உணராத உடலும் உறங்காத கடமையும்

நாம் உறங்கும்போதும் உடல் தன் காவலை விடுவதில்லை. ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால், நாம் அறியாமலே அது நம்மைப் புரண்டு படுக்கச் செய்கின்றது. முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாண் சிதைந்தவருக்கோ இக்காவல் இல்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தசை நசுங்கிக் குருதியோட்டம் தடைப்படுகின்றது. சில மணி நேரத்தில் இழையம் இறக்கத் தொடங்குகின்றது. திருவெலும்பிலும் இடுப்பிலும் குதிகாலிலும் தோன்றும் அப்புண் எலும்புவரை ஆழ்ந்து உயிரையும் பறிக்க வல்லது.

இப்புண்ணை உண்டாக்கியவர் யார்? எவரும் எதுவும் செய்யவில்லை. செய்யாமையினாலேயே அது உண்டாயிற்று. செய்த தீங்கிற்கு நம்மைப் பொறுப்பாக்கும் அறம், செய்யாது விட்டதற்கும் பொறுப்பாக்குமா என்பதே ஈண்டு எழும் வினா.

முதலாம் உலகப் போரில் இவ்வாறு காயமுற்றோருட் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். அது தவிர்க்க இயலாத முடிவு என்றே பலரும் கருதினர். 1944 இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவிலிற் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் அதனை ஏற்க மறுத்தார். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளரைப் புரட்டிவிடச் செய்தார். மாண்டுபோவர் எனக் கைவிடப்பட்டோர் வாழ்ந்தனர். அறியாமைக் காலத்தில் விதி எனப்பட்டது, அறிந்த பின்னர் கடமையாகிவிடுகின்றது.

திருகோணமலையில் வாழ்வோர்க்கு இவ்வினா தொலைவிலுள்ளதன்று. 2009 பெப்ரவரி முதல் மே வரை, வன்னிக் கரையிற் காயமுற்றோரைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்கள் முதலில் திருகோணமலைத் துறைமுகத்திற்கும் பின்னர் இம்மாவட்டத்துப் புல்மோட்டைக்கும் கொண்டுவந்தன. முள்ளந்தண்டிற் காயமுற்றோரும் அவர்களுள் இருந்தனர். கரைசேர்த்தல் ஒரு நாட் செயல். கண்டோர் அதனைப் போற்றுவர். அதன்பின் வரும் ஆயிரம் இரவுகளைக் காண்போர் இலர். உயிரைக் காத்தல் என்பது அவ்விரவுகளையும் உள்ளடக்கியதன்றோ?

வீடு சென்ற பின்னர் அது குடும்பத்தின் பொறுப்பே எனச் சிலர் கூறுவர். இரண்டு மணிக்கு ஒருமுறை எனின் ஒரு நாளிற் பன்னிரண்டு முறை. தாயோ மனைவியோ தனித்து நின்று இதனை எத்தனை ஆண்டுகள் செய்தல் கூடும்? ஒருத்தியின் ஆற்றலுக்கு மிஞ்சியதை அவள் தலையிற் சுமத்திவிட்டு, புண் தோன்றிய நாளில் அவளையே குறைகூறுதல் அறமன்று. அவளால் இயலாதபோது கடமை மறைந்துவிடுவதுமில்லை. எஞ்சிய நம்மீது அது வந்து சேர்கின்றது.

நோயாளர் வெறும் சுமையும் அல்லர். கைவலிமை உள்ளவர் சக்கர நாற்காலியிற் கையூன்றித் தம்மைத் தூக்கி அழுத்தத்தைத் தணிக்கலாம். கண்ணாடி கொண்டு தம் தோலைத் தாமே நாள்தோறும் சோதிக்கலாம். ஆயின் தக்க மெத்தையும் இருக்கையும், புரதம் நிறைந்த உணவும், வீடு தேடிவரும் தாதியும் அவர் தாமே படைத்துக்கொள்ளக் கூடியவையல்ல. புண் தோன்றிய பின்னரும், அதன்மீதே படுத்திருப்பவருக்கு எம்மருந்திட்டும் பயனில்லை. முதலில் அழுத்தம் நீங்கவேண்டும்.

இவற்றை இரக்கத்தின் பெயரால் ஈவது போதாது. இரக்கம் மனம் நெகிழும் நாளில் வரும்; புண்ணோ நாள் பார்த்து வருவதில்லை. ஒருவரின் உடல் உணராததை அவருக்காக ஊர் உணர்தல் வேண்டும். அவ்வுணர்வு எங்கே ஓய்கின்றதோ அங்கேதான் புண் தொடங்குகின்றது.