நிவாரணம் என்ற சொல்

போலீஸ் காவலில் ஒருவன் செத்துப்போனால் நாம் பத்திரிகையில் படிப்பது பெரும்பாலும் இரண்டு வாக்கியங்கள். ஒன்று, இன்னார் இறந்தார் என்பது. மற்றது, அவர் குடும்பத்துக்கு அரசு இத்தனை லட்சம் நிவாரணம் வழங்குகிறது என்பது. 'இறந்தார்' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்கு இறந்தவனே எழுவாய். கொன்றவனுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. 'வழங்குகிறது' என்பதற்கு மட்டும் எழுவாய் அரசு. சாவுக்குக் கர்த்தா கிடையாது, கொடைக்கு உண்டு. காவல் மரணத்தின் தார்மீகப் பிரச்னை பெரும்பாலும் இந்த இலக்கணத்துக்குள் ஒளிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நிவாரணம் என்பது புயலுக்கும் வெள்ளத்துக்கும் இடி விழுந்ததற்கும் கொடுப்பது. தான் செய்யாத ஒன்றுக்காக அரசு இரங்கிக் கொடுக்கிறது என்பது அந்தச் சொல்லின் அர்த்தம். அதே சொல்லை லாக்கப்பில் அடிபட்டுச் செத்தவனின் வீட்டுக்கும் கொண்டுபோனால் போலீஸ் நிலையமும் ஒரு இயற்கைச் சக்தி ஆகிவிடுகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலுக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது தொகை பற்றிய அறிவிப்பு அந்த மாதமே வந்துவிட்டது. போலீஸ்காரர்கள் கைதானது ஜூலையில். அதுவும் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்ட பிறகு. பணம் முந்திக்கொண்டது.

இதைச் சொல்வதால் பணமே கூடாது என்று சொல்வதாக ஆகாது. அந்தப் பணம் ஒரு உரிமையாக வந்து சேர்ந்த வழி மிக நீளமானது. நம் நாட்டில் அது ஒரு குதிரையில் ஆரம்பிக்கிறது. கல்கத்தாவில் கிதர்பூர் கப்பல்துறையில் சர்க்கார் கூலிகள் தூக்கிக்கொண்டு போன இரும்புச் சாமானைக் கீழே போட்டார்கள். சத்தத்தில் மிரண்டு ஒரு தனியார் கம்பெனி வண்டியின் குதிரைக்கு அடிபட்டது. 1861இல் கோர்ட் சர்க்காரைப் பணம் கட்டச் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பு ஒரு கோட்டையும் கிழித்தது. யாரும் செய்யக்கூடிய காரியத்தில் தவறினால் சர்க்கார் கட்ட வேண்டும். ஆட்சி அதிகாரத்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தில் தவறினால் கட்ட வேண்டியதில்லை.

அந்தக் கோடு பின்னால் சுவராயிற்று. 1947இல் அமிர்தசரஸிலிருந்து மீரட்டுக்கு வந்த ஒரு வியாபாரியைப் போலீஸ் பிடித்து அவர் கொண்டுவந்த தங்கத்தைப் பறிமுதல் செய்தது. தங்கத்தைப் பாதுகாக்க வேண்டிய ஏட்டே அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிப்போனார். கைது செய்வதும் பறிமுதல் செய்வதும் ஆட்சி அதிகாரம். எனவே அரசுக்குப் பொறுப்பில்லை என்று 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த நிலைமை திருப்தியானதல்ல, சட்டம் மாற வேண்டும் என்று தலைமை நீதிபதி கஜேந்திர கட்கரே அந்தத் தீர்ப்பில் வருத்தப்பட்டிருக்கிறார். இருந்தாலும் தர்க்கம் அதுதான்: அரசு கடைக்காரனைப் போல நடந்துகொண்டால் பொறுப்பு உண்டு, அரசனைப் போல நடந்துகொண்டால் இல்லை. மனிதனைப் பிடித்து அடைப்பதைவிட அரசத்தனமான காரியம் வேறென்ன இருக்கிறது?

1983இல், விடுதலையான பிறகும் பதினான்கு வருஷம் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்த ஒரு பிஹார்க்காரருக்கு 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னதில் அந்தச் சுவரில் முதல் ஓட்டை விழுந்தது. சுவரே இடிந்தது ஒரு தாயின் கடிதத்தால். 1987 டிசம்பர் 1ஆம் தேதி காலையில், ஒரிஸாவில் ஜராய்கேலா என்ற ஊரில், ஒரு திருட்டு விசாரணைக்கென்று 22 வயதுப் பையன் ஒருவனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிற்று. இரவு எட்டு மணிக்கு அம்மா சாப்பாடு கொண்டுபோனாள், பையன் சாப்பிட்டான். மறுநாள் அவன் உடல் ரயில் பாதையில் கிடந்தது. உடம்பெல்லாம் காயம், கையில் விலங்கு. கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு ஓடிப்போய் ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். 1988 செப்டம்பரில் அம்மா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். கடிதமே மனுவாயிற்று. காயங்கள் லத்தியால் ஆகியிருக்கக்கூடியவை என்று டாக்டர் சொன்னார். 1993 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமை பறிக்கப்பட்ட இடத்தில் ஆட்சி அதிகாரம் என்ற கேடயம் செல்லாது. அரசு 1,50,000 ரூபாய் கட்ட வேண்டும்.

குதிரைக்கு 1861இல் கிடைத்தது மனிதனுக்கு 1993இல் கிடைத்தது.

அந்தத் தொகைக்கு ஆதாரமாகப் பையனின் வயதும் மாச சம்பாத்தியமும் பார்க்கப்பட்டன. 1,200லிருந்து 1,500 ரூபாய் வரை. இதைப் படிக்கிறபோது மனம் கூசுகிறது. ஆனால் கூச்சப்படுவது நம் சௌகரியம். அந்த வீட்டில் அரிசி வாங்கிய கை போய்விட்டது. அரிசிக்குக் கணக்கு உண்டு. பிள்ளை செத்ததற்குப் பணம் வாங்கினாளே என்று பேசுகிறவர்கள் பணம் தேவைப்படாதவர்களாகத்தான் இருப்பார்கள். வாங்குவதில் இழுக்கு ஏதுமில்லை. கேள்வி கொடுக்கிற கையைப் பற்றியது.

அந்தக் கை யாருடையது? கஜானாவினுடையது. அடித்தவன் பையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. குடும்பத்துக்குக் கட்டியதைக் குற்றம் செய்தவனிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ளலாம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு காவல் மரண வழக்கில் வழிவிட்டிருக்கிறது. ஆனால் வசூலிக்கலாம் என்பது வசூலித்ததாகாது. வசூலிக்காதவரை, தீப்பெட்டிக்கும் வரி கொடுத்தவர்கள்தான் கட்டுகிறோம். செத்தவனின் அம்மாவும் அதில் ஒரு பங்கு கட்டியிருக்கிறாள்.

சிலப்பதிகாரத்தை இந்த இடத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். விசாரிக்காமல் கொன்ற பாண்டியன், சிலம்பு உடைந்ததும் கள்வன் தானே என்று சொல்லி அரியணையில் விழுந்து சாகிறான். அதோடு நிறுத்தினால் நம் மரபில் அரசு தன் பிழையை ஒப்புக்கொண்டது என்று பெருமைப்படலாம். கதை அங்கே முடியவில்லை. பாண்டிய நாட்டில் மழை பொய்க்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று பத்தினிக்குச் சாந்தி செய்கிறான். மழை பெய்கிறது. ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய்க்கு ஆயிரம் பேர் உயிரை ஈடாகக் கொடுத்தார்கள். ஆணையிட்ட அரண்மனை நிலைத்தது. முதல் அரசன் செய்தது ஒப்புதல். வாரிசு செய்தது நிவாரணம். நமக்கு வாய்த்த அரசுகள் எல்லாம் வாரிசின் வழியில் வந்தவையாகவே இருக்கின்றன. ஈட்டைத் தன் உடம்பிலிருந்து எடுக்காமல் அடுத்தவனிடமிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் அந்த வழி.

அரசு என்பது ஒரு யந்திரம், அதற்கு மனச்சாட்சி கிடையாது, பணம் ஒன்றுதான் அதற்குத் தெரிந்த பாஷை என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜராய்கேலா பையன் கயிற்றைக் கடித்து அறுத்தான் என்று கோர்ட்டில் சொன்னது யார்? 1976இல் கோழிக்கோடு என்ஜினீயரிங் கல்லூரி மாணவன் ராஜன் போலீஸ் முகாமில் மறைந்துபோனான். அவன் தங்கள் காவலில் இருந்ததேயில்லை என்று மறுவருஷம் கேரள உயர்நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தது யார்? அரசுதான். பிறகு காவலில்தான் இறந்தான் என்று ஒப்பவும் நேர்ந்தது. கருணாகரன் முதல்மந்திரி பதவியை விட்டார். ஆனால் உடல் கிடைக்கவில்லை. மகன் எங்கே என்று கேட்டுக்கொண்டே தகப்பனார் ஈச்சர வாரியர் 2006 வரை வாழ்ந்தார். ஆக, அரசுக்குப் பாஷை இருக்கிறது. தன்மை இடத்தில் பேசவும் தெரிகிறது. பிரமாணப் பத்திரத்தில் பொய் எழுதத் தெரிந்த ஒன்றுக்கு உண்மை எழுதத் தெரியாது என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

ஆகவே நான் கேட்பது பெரிய தொகையை அல்ல. தொகைக்கு முன்னால் ஒரு வாக்கியத்தை. 'எங்கள் காவலில் இருந்தவனை எங்கள் ஆட்கள் கொன்றார்கள்' என்ற, எழுவாயும் செயப்படுபொருளும் உள்ள, சாதாரண வாக்கியம். அது எழுதப்பட்ட பிறகு கொடுக்கப்படும் பத்து ரூபாயும் நஷ்ட ஈடு. எழுதப்படாமல் கொடுக்கப்படும் கோடியும் பேசாமலிருப்பதற்கான கூலி.

அந்த வாக்கியம் தானாக வராது. வரவழைக்கச் சட்டம் வேண்டும். காவலில் ஒருவனுக்குக் காயம் பட்டால் அதைக் காவலில் வைத்திருந்த போலீஸ் அதிகாரியே ஏற்படுத்தியதாகக் கோர்ட் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் சேர்க்கும்படி 1985லேயே சட்டக் கமிஷன் சிபாரிசு செய்தது. காரணம் எளியது. பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அறைக்குள் இருந்தவர்களே சாட்சி. அவர்களில் ஒருவன் செத்துவிட்டான். அந்தச் சிபாரிசு இன்னும் சட்டமாகவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் இந்தியா கையெழுத்துப் போட்டது. இன்னும் அதை உறுதிசெய்யவில்லை. நிவாரணம் மட்டும் சில நாட்களில் வந்துவிடுகிறது.

அந்த அம்மா இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது புறக்காவல் நிலையம் அவளை உள்ளே விட்டது. பையன் சாப்பிட்டான். அவன் அப்போது உயிரோடு இருந்தான், அவர்களிடம் இருந்தான் என்பதற்கு அவள் சாட்சி. அதற்குப் பிறகு விடியும்வரை நடந்ததைச் சொல்ல வேண்டியவள் அவளல்ல.