ஊசி நோன்பை முறிக்குமா?

ரமலான் நெருங்கும்போது சர்க்கரை நோய் மருத்துவர்களிடமும் பள்ளிவாசல் இமாம்களிடமும் தவறாமல் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. இன்சுலின் போட்டுக்கொண்டால் நோன்பு முறிந்துவிடுமா?

மார்க்கச் சட்டம் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதெமி, தோலுக்கடியிலோ தசையிலோ ரத்தக்குழாயிலோ செலுத்தும் மருந்தூசி நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. ஊட்டம் தரும் திரவங்களுக்கு மட்டும் இந்த அனுமதி இல்லை. ஆக, இன்சுலின் பேனாவுக்கும் இடுப்பில் மாட்டிய பம்புக்கும் சிக்கலில்லை. வாயால் உறிஞ்சும் இன்சுலின் தூள் வேறு கதை. அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்ற அஃப்ரெஸ்ஸா அந்த ரகம். ஆஸ்துமா இன்ஹேலர் விஷயத்திலேயே அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. இதில் எங்கே ஒத்துப்போவது!

உடலியல் இன்னும் ஆழமான விடையை வைத்திருக்கிறது. பட்டினி கிடக்கும்போதும் ஆரோக்கியமான கணையம் இன்சுலினைச் சிறுகச் சிறுகச் சுரந்துகொண்டேதான் இருக்கும். கல்லீரல் சர்க்கரையை அளவோடு வெளியே விடவும், கொழுப்பு கட்டுமீறிக் கரையாமல் இருக்கவும் அது வேண்டும். டைப் 1 நோயாளியின் உடலில் இந்தச் சுரப்பு ஏறக்குறைய இல்லை. நோன்பு என்று அவர் ஊசியை நிறுத்தினால், வாயில் ஒரு பருக்கை படாமலே ரத்தச் சர்க்கரை ஏறும். கீட்டோன் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். அவருக்கு இன்சுலின் உணவே அல்ல. மற்றவர்களைப் போலப் பசித்திருக்க அவர் உடலை அனுமதிப்பதே அதுதான்.

இவ்வளவு சுலபமாகத் தீரும் கேள்வியை ஆண்டுதோறும் ஏன் கேட்கிறார்கள்? அதற்குப் பின்னால் நிற்கும் கேள்வியை, நோன்பையே விட்டுவிட வேண்டுமா என்பதை, கேட்கத் தயக்கம் என்றே தோன்றுகிறது.

போட்ட இன்சுலின் வேலை செய்துகொண்டே இருக்கும், சாப்பாடு வராது. ரத்தச் சர்க்கரை இறங்கி மாலை நான்கு மணிக்குக் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டுதல் இங்கே கறாரானது: சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விட வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றும் அது சொல்கிறது. ஆனாலும் பார்க்காமலே இருந்துவிடுபவர்கள் உண்டு. பார்த்தால் விட வேண்டி வருமே!

2001இல் 13 நாடுகளில் 12,243 நோயாளிகளிடம் எபிடியார் என்ற ஆய்வு நடந்தது. டைப் 1 நோயாளிகளில் 43 சதவீதத்தினரும் டைப் 2 நோயாளிகளில் 79 சதவீதத்தினரும் குறைந்தது 15 நாள் நோன்பு நோற்றிருந்தார்கள். மற்ற மாதங்களோடு ஒப்பிட்டால், ரமலானில் கடுமையான தாழ்சர்க்கரை டைப் 1 நோயாளிகளிடம் 4.7 மடங்கும், டைப் 2 நோயாளிகளிடம் 7.5 மடங்கும் கூடியது.

இத்தனைக்கும் சலுகை வேதத்திலேயே இருக்கிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்களித்து, வேறு நாட்களில் ஈடுசெய்யச் சொல்கின்றன. அடுத்தடுத்து இரண்டு முறை சொல்லப்பட்ட விலக்கு அது. அதை ஏற்பதும் கீழ்ப்படிதலில் சேர்ந்ததுதான். மருத்துவ ஆலோசனையை மீறி மயங்கி விழும்வரை நோன்பைப் பிடித்திருப்பதில் பக்தியைவிடப் பிடிவாதம் கூடுதல் என்று சொன்னால் கோபப்படுபவர்கள் இருப்பார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு. வீடே விடியலுக்கு முந்தைய ஸஹர் உணவுக்கு எழுந்து, மாலையில் நோன்புக் கஞ்சிக்குக் காத்திருக்கும்போது, தான் மட்டும் பகலில் சாப்பிடும் தனிமையை எந்த வழிகாட்டுதலும் கணக்கில் எடுப்பதில்லை.

ஈடுசெய்வதும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. கோடையில் ரமலான் வந்தால் பிரிட்டனில் இருப்பவர் அதை விட்டுவிட்டு, பகல் எட்டு மணி நேரத்துக்குச் சுருங்கும் டிசம்பரில் நோற்கலாம். சென்னையிலோ காயல்பட்டினத்திலோ குளிர்காலப் பகலும் பதினொரு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. இங்கே எந்த மாதத்திலும் நோற்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்ட நோயாளிக்கு மிஞ்சுவது ஃபித்யா: விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பது.