உளூவுக்குப் போதுமான தண்ணீர் குடிக்கப் போதுமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



மழைக்காலம் வந்தால் வாந்திபேதி, மஞ்சள் காமாலை, டைபாய்டு என்று ஒவ்வொன்றாக வருகின்றன. முதலில் சுருண்டு படுப்பது சின்னப் பிள்ளைகள். பல நேரம் காரணம் வீட்டுக் குடிநீர்தான். சொன்னால், "தண்ணி தெளிவாத்தானே இருக்கு! உளூ செய்யறோம், குடிச்சா என்ன?" என்று கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்குத் தெளிவு வேண்டும். மதீனாவின் புளாஆ கிணற்றைப் பற்றி நபியவர்களிடம் கேட்கப்பட்டபோது, அந்தத் தண்ணீர் சுத்தமானது என்றே கூறினார்கள். அதிகமான தண்ணீரில் நஜீஸ் விழுந்து நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்று மாறினால்தான் அது அசுத்தமாகும் என்று இமாம்கள் விளக்கினார்கள். குறைந்த தண்ணீருக்குச் சட்டம் இன்னும் இறுக்கமானது.

ஆனால் சகோதரர்களே, இது தொழுகைக்கான சுத்தத்தின் சட்டம். காலரா, டைபாய்டு கிருமிகள் கலந்த தண்ணீரில் நிறமும் மாறாது, சுவையும் மாறாது, வாடையும் வராது. உளூ கூடும், குடித்தால் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும். தனக்கும் பிறருக்கும் தீங்கு செய்வதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. ஆகவே குடிநீரைச் சுத்திகரிப்பது வசதிக்காரர்களின் ஆடம்பரம் அல்ல. அது குடும்பப் பொறுப்பாளியின் அமானிதம்.

"அல்லாஹ் பார்த்துக் கொள்வான்" என்று விட்டுவிடுவதும் தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்று கற்றுத் தந்த மார்க்கம் இது.

நபியவர்கள் என்ன கற்றுத் தந்தார்கள் என்று பாருங்கள். இரவில் பாத்திரங்களை மூடச் சொன்னார்கள். மூட எதுவும் இல்லாவிட்டால் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு குச்சியையாவது குறுக்கே வைக்கச் சொன்னார்கள். தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் விடக்கூடாது என்றார்கள். குடிக்கும் பாத்திரத்தினுள் மூச்சு விடுவதைத் தடுத்தார்கள். நாமோ பல ஆயிரம் ரூபாய்க்கு மெஷின் வாங்கி மாட்டிவிட்டு, அதில் பிடித்த தண்ணீரைத் திறந்த குடத்தில் வைத்து, கையோடு சொம்பை விட்டு அள்ளுகிறோம்! மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். சுன்னத்தும் பேணப்படும், கிருமியும் அண்டாது.

எல்லா வீட்டுக்கும் மெஷின் தேவையில்லை. கிருமிக்குக் கொதிக்க வைப்பதே போதும். குமிழ் விட்டுத் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடி ஆற விடுங்கள். ஆனால் உப்பும் ஃப்ளோரைடும் கொதிக்க வைத்தால் போகாது. கடலோர ஊர்களின் உப்புத் தண்ணீருக்கும், தர்மபுரி பக்கத்து ஃப்ளோரைடு தண்ணீருக்கும் ஆர்.ஓ. பயன்படும். கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது இந்தியத் தர அளவு. வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர, அதைவிட அதிகமான தண்ணீரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. ஒரு முத்து, அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவு தண்ணீரில் உளூ செய்த நபியின் உம்மத் நாம். அந்தக் கழிவுத் தண்ணீரைச் சாக்கடையில் விடலாமா? ஒரு வாளியில் பிடியுங்கள். வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற உதவும். அது உப்பு மிகுந்த தண்ணீர்தானே தவிர நஜீஸ் அல்ல. கடல் நீரே சுத்தமானது எனும்போது இதில் உளூவும் கூடும்.

கடைசியாக, கேன் தண்ணீர் வாங்க முடியாத வீடு நம் தெருவிலேயே இருக்கும். தாயாரை இழந்த ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள், எந்த தர்மம் சிறந்தது என்று கேட்டபோது, தண்ணீர் என்று நபியவர்கள் கூறினார்கள். அவர் தம் தாயாருக்காகக் கிணறு வெட்டினார். மவ்த்தான நம் பெற்றோருக்காக, எந்த மதத்தவரும் வந்து பிடித்துச் செல்ல வாசலில் ஒரு குழாய் வைப்போம். அதன் ஃபில்டரை உரிய நேரத்தில் மாற்றும் செலவையும் சேர்த்தே நிய்யத் வையுங்கள். பராமரிக்காத குழாயிலிருந்து தர்மம் வராது, நோய்தான் வரும்.

யா அல்லாஹ்! எங்கள் வீட்டுத் தண்ணீரில் பரக்கத்தையும், எங்கள் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தையும் தருவாயாக! உன் நிஃமத்தை வீணாக்காத அடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.