வந்தியின் பங்கு

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,00,000 வரை தட்டணுக்கள் இருப்பது இயல்பு. காயம் பட்ட இடத்தில் ஓடிவந்து ஒட்டி ரத்தத்தை நிறுத்துபவை இவை. ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறித் தன் தட்டணுக்களையே பகையென்று அடையாளமிட, மண்ணீரல் அவற்றை வடிகட்டி அழித்துவிடும் நோய்க்கு ஐ.டி.பி. என்று பெயர். எண்ணிக்கை சில ஆயிரங்களுக்கு இறங்கிவிடும். கணுக்காலைச் சுற்றிக் குண்டூசி முனையளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். விரலால் அழுத்தினாலும் மறையாது. எங்கே இடித்துக்கொண்டோம் என்றே தெரியாமல் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கும். பல் துலக்கித் துப்பினால் வாஷ்பேசின் சிவக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நாள்கணக்கில் நிற்காது.

சிறு குழந்தைகளுக்கு இது வந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தானே விலகிவிடும். வளர்ந்தவர்களிடம் அவ்வளவு எளிதில் போவதில்லை. ஓராண்டு தாண்டினால் நாட்பட்டது என்று கொள்கிறார்கள். முதலில் ஸ்டீராய்டு. அது எண்ணிக்கையை ஏற்றும். கூடவே முகத்தை உப்ப வைக்கும், தூக்கத்தைப் பறிக்கும், சட்டென்று எரிந்து விழ வைக்கும். மாத்திரையைக் குறைத்ததும் எண்ணிக்கை சரிந்தால் ரிட்டுக்சிமாப், எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எல்ட்ரோம்போபாக், ரோமிப்ளோஸ்டிம் என்று அடுத்தடுத்த படிகள். மண்ணீரலை எடுத்துவிடுவது பழைய வழி. அதில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நீடித்த பலன் உண்டு. ஆனால் சில கிருமித்தொற்றுகள் உயிருக்கே ஆபத்தாகும் அபாயம் பிறகு வாழ்நாள் முழுக்கத் தொடரும் என்பதால், முன்கூட்டியே தடுப்பூசிகள் போட வேண்டும். டெங்குக் காலத்தில் மதுரை வீடுகளில் பழகிப்போன பப்பாளி இலைச்சாறு இங்கே மருந்தாகாது. தட்டணு ஏற்றினாலும், ஏற்றியவற்றையும் உடல் சில மணி நேரத்தில் அழித்துவிடும்; ரத்தக்கசிவு ஆபத்தாகும்போது மட்டும் அவகாசம் பெற அது உதவும்.

இந்த நோய் 20 வயதில் வரும்போது வீட்டில் எழும் கேள்விகள் மருத்துவத்தோடு நிற்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை என்றால் தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். இருபது வயதுப் பிள்ளை மதுரை ஆரப்பாளையத்தில் கோவைப் பேருந்து ஏறி வேலைக்குப் போகும். ரிப்போர்ட் அதன் கைப்பேசிக்குத்தான் வரும். இது ஏன் வந்தது, யார் சுமப்பது, யார் சொல்படி நடப்பது என்ற மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் வயது இது.

‘நாங்கள் செய்த பாவம் பிள்ளை தலையில் விடிந்துவிட்டது’ என்பது மதுரைப் பக்கத்துத் தாய்மார் வாயில் முதலில் வரும் சொல். சைவ சித்தாந்தத்தை அதன் கறார்த்தன்மையோடு எடுத்துக்கொண்டால் இந்தச் சொல்லுக்கு அங்கே இடமில்லை. அவரவர் வினையை அவரவரே நுகர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்தக் கோட்பாடும் நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத்தான் என்று நினைப்பது தவறு. கொங்கு நாட்டில் அடியார்கள் குளிர்சுரத்தில் வாடியபோது ஞானசம்பந்தர் பாடியது திருநீலகண்டப் பதிகம். வினையைக் காரணம் காட்டி, மீளும் வழியைத் தேடாமல் முடங்குவதை அது தொடக்கத்திலேயே கடிந்துகொள்கிறது. வினையை நம்பிய ஒருவரே, வினை என்ற சொல்லில் சாய்ந்துகொள்ளக் கூடாது என்கிறார்.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் இதே கேள்வியை நேரடியாகவே வைக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்கிறார் இயேசு. பார்வை கிடைத்தபின் அதிகாரிகள் பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது அவர்கள் சொல்லும் பதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம்: மகன் வயதுக்கு வந்தவன், அவனிடமே கேளுங்கள் என்கிறார்கள். அச்சத்தால் அப்படிச் சொன்னார்கள் என்று நற்செய்தியே குறிப்பிடுகிறது. அஞ்சிச் சொன்னாலும் சொன்ன சொல் சரியானதுதான். பாவத்தின் கணக்கிலிருந்து பெற்றோர் விடுபடும் அதே அதிகாரத்தில், மகனுக்காகப் பேசும் உரிமையும் அவர்கள் கையை விட்டுப் போகிறது.

மருத்துவத்தின் பதிலும் இதற்கு விலகியதல்ல. இந்த நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல. கர்ப்பகாலத்தில் தாய் எதைத் தின்றாள், பிள்ளைக்கு எதை ஊட்டாமல் விட்டாள் என்பதில் அதன் வேர் இல்லை. பல வேளைகளில் காரணம் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. காரணமில்லாத துன்பத்தைவிடத் தன்னையே காரணமாக்கிக்கொண்ட துன்பம் பெற்றோருக்குத் தாங்க எளிதாக இருக்கிறது. அதனால்தான் அந்தச் சொல் அவ்வளவு சீக்கிரம் வாயில் வருகிறது.

அடுத்து, சுமப்பது. ஆக்ராவில் 1530இல் 22 வயது ஹுமாயூன் பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்டபோது, தந்தை பாபர் நோய்ப்படுக்கையைச் சுற்றிவந்து மகனின் நோயைத் தனக்குத் தரும்படி வேண்டிக்கொண்டதாக மகள் குல்பதன் பேகம் எழுதிவைத்திருக்கிறார். ஹுமாயூன் எழுந்தார், அந்த ஆண்டு டிசம்பரில் பாபர் இறந்தார். ‘என் ஆயுசை எடுத்துக்கொள்’ என்று மீனாட்சி முன்னாலும் கோரிப்பாளையம் தர்காவிலும் கேட்கும் பெற்றோரின் குரல் இதுவேதான். அந்த வேண்டுதலில் பொய் இல்லை. ஆனால் அது நிறைவேறினால், திருப்பித் தரவே முடியாத கடன் ஒன்று பிள்ளையின் தலையில் ஏறும். அதைப் பற்றிப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை.

நோயை உண்மையாகவே தன் உடலில் வாங்கிக்கொண்டவரும் உண்டு. 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தனக்குள் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் சரிந்தன, வலிப்பு வந்தது. ஏறத்தாழ ஐந்து நாளில் மீண்டார். தட்டணுக்களை அழிப்பது ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று என்பது அப்படித்தான் உறுதியானது. அறிவுக்கு அது பெரிய லாபம். ரத்தம் கொடுத்த நோயாளிக்கு நோய் ஓர் அணுவும் குறையவில்லை.

யார் சுமப்பது என்ற கேள்விக்கு ஆரப்பாளையத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ஆவணி மூலத்தன்று சுந்தரேசுவரர் மீனாட்சியோடு புறப்பட்டு இங்குள்ள புட்டுத்தோப்புக்கு வருவார். மண் சுமந்த லீலை நிகழ்த்திக் காட்டப்படும். திருவிளையாடற் புராணத்தின் 64 படலங்களில் இது 61ஆவது. வைகை கரையை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி வந்திக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிச் சிவன் கூடை சுமக்க வந்தார். தின்றார், ஆடினார், தூங்கினார். பாண்டியன் அவரைப் பிரம்பால் அடித்த அடி அரசன், அரசி உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது. கருவிலிருந்த சிசுவையும் விடவில்லை என்பார்கள்.

பெற்றோர் இந்தக் கதையைக் கேட்கும்போது தங்களைக் கூடை சுமந்த கூலியாளாகவே பார்த்துக்கொள்கிறார்கள்: பிள்ளையின் பங்கை நான் அடைத்துவிடுகிறேன் என்று. ஆனால் கதையில் அவர்களுக்குப் பொருந்தும் இடம் வந்தியுடையது. பங்கு அவள் பெயரில் இருக்கிறது, மண் அள்ள உடம்பில் தெம்பில்லை. அடி எல்லார் மேலும் விழுந்தது என்பதால் அடிபட்டவருக்கு அடி குறைந்ததாகக் கதை சொல்லவில்லை. வலி பரவும்; பரவுவதால் தீர்ந்துவிடாது. வந்தி செய்ய முடிந்தது பிட்டு அவித்தது மட்டும். அதை அவள் குறைவைக்காமல் செய்தாள்.

கடைசியாக, யார் சொல்படி நடப்பது. குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கும்போது நோயுற்றவரை முதலில் வைக்கிறது. பிறகு மருத்துவர், மருந்து, கடைசியில் அருகிருந்து பார்த்துக்கொள்பவர். இந்திய நாட்டுச் சட்டமும் அதே வரிசையில் நிற்கிறது. 18 வயதானவரின் சிகிச்சைக்கு அவர் ஒப்புதலே ஒப்புதல். அறுவை மேசையில் மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக் கருப்பையை அகற்றிய வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே மண்ணீரலை எடுப்பதா, இன்னும் ஓராண்டு மாத்திரையில் பொறுப்பதா என்பதைப் பெற்றோர் பேசலாம், மன்றாடலாம், முடிவு பிள்ளையுடையது. திருமணப் பேச்சில் நோயைச் சொல்வதும் அப்படியே. மறைத்துவிடலாம் என்று வீடு நினைத்தாலும், சொல்ல வேண்டியது எது, யாரிடம், எப்போது என்பது அந்தப் பிள்ளையின் முடிவே. ஐ.டி.பி. உள்ள பெண்கள் பெரும்பாலும் பத்திரமாகவே பிள்ளை பெறுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் பாதிப் பயம் போகும்.

நேர்த்திக்கடனில் இந்த எல்லை பளிச்சென்று தெரியும். மாரியம்மனுக்குத் தாய் தானே தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டால் அது அவள் உடம்பு, அவள் கடன். ‘என் மகன் அலகு குத்துவான்’ என்று நேர்ந்துகொண்டால் கடனைக் கட்டுவது இன்னொருவர் உடம்பு; தட்டணு 10,000இல் நிற்கும் உடம்பில் அது உயிருக்கே உலை வைக்கும். சாமி அதைக் கேட்கவில்லை.

பெற்றோர் கையில் மிஞ்சுவது சிறியதாகத் தோன்றும், ஆனால் இல்லாமல் நடக்காது. மென்மையான பிரஷ், தலைவலிக்கு ஆஸ்பிரினும் புரூஃபெனும் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்வது, ஸ்டீராய்டு பேசவைக்கும் கோபத்தைப் பிள்ளையின் குணமென்று கணக்கில் வைக்காதிருப்பது. எல்ட்ரோம்போபாக் மாத்திரை சுண்ணாம்புச்சத்தோடு சேர்ந்தால் உடலில் ஏறாது. பாலோ தயிரோ சாப்பிட்டு 4 மணி நேரம் கழித்தோ, சாப்பிடுவதற்கு 2 மணி நேரம் முன்போ போட வேண்டும். அதனால் இந்த மாத்திரை போடும் வீட்டில் தயிர்ச்சோறு பகல் 12 மணிக்கே முடிந்துவிடும். மாத்திரை 4 மணிக்கு. எல்லாரும் காபி குடிக்கும் நேரத்தில் பிள்ளைக்கு மட்டும் கடுங்காபி. பால் அடுப்பில் ஏறுவது 6 மணிக்கு மேல்தான்.