போனவரா, நின்றவரா: யார் துணிந்தவர்?



"துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்பது ஒரு பழமொழி. "ஆழமறியாமல் காலை விடாதே" என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்லித்தான் நாம் நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஒரே வேளையில் இரண்டும் நம்முன் வந்து நின்றால் எதற்குச் செவிகொடுப்பது? விடைதேட உங்களை ஒரு மலையாற்றின் கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மேற்கே ஓடும் கொலராடோ ஆறு, கிறான்ட் கன்யன் எனும் பெரும் பள்ளத்தாக்கின் அடியில், சில இடங்களில் ஏறத்தாழ ஒரு மைல் ஆழத்தில் செல்கின்றது. பக்கப் பள்ளங்களிலிருந்து வெள்ளம் உருட்டி வந்த பாறைகள் ஆற்றை நெருக்கும் இடங்களில் நீர் சரிந்து, சுழன்று, வெண்ணுரை கக்கிப் பாயும். இன்று இறப்பர் மிதவைகளில், மிதப்பு அங்கி அணிந்து, வழிகாட்டிகளோடு பலர் இப்பாய்ச்சல்களைக் கடக்கின்றனர். 1869இல் அங்கே வழிகாட்ட எவருமில்லை.

அவ்வாண்டு மே 24ஆம் திகதி, ஜோன் வெஸ்லி பவல் என்பவர் ஒன்பது தோழர்களுடன் நான்கு மர வள்ளங்களில் புறப்பட்டார். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர் அவர். வழியில் ஒரு வள்ளம் பாறையில் மோதிச் சிதறியது. ஒருவர் பயணத்தைக் கைவிட்டுச் சென்றார். மூன்று மாதங்கள் கழிந்தபோது எஞ்சியிருந்த உணவு பழுதுபட்ட மாவும், உலர்ந்த அப்பிளும், கோப்பியுமே.

ஒகஸ்ட் 27ஆம் திகதி, அதுவரை கண்டவற்றிலெல்லாம் கொடியதாகத் தோன்றிய ஒரு பாய்ச்சலின் முன் வந்து நின்றார்கள். அன்றிரவு ஹவ்லன்ட் என்பவர் பவலிடம் வந்து, "இனி ஆற்றில் இறங்குவது உயிரை வீணே கொடுப்பது, மேலேறிப் போய்விடுவோம்" என்ற கருத்தைச் சொன்னார். பவல் உறங்கவில்லை. கடக்கவேண்டிய தூரத்தைக் கணக்கிட்டார். மணலில் மேலும் கீழுமாக நடந்தார். ஆற்றைவிட்டுப் போய்விடலாமோ என்று அவருடைய உள்ளமும் தடுமாறியது.

விடிந்ததும் ஹவ்லன்ட், அவருடைய தம்பி, வில்லியம் டன் ஆகிய மூவரும் மேலேறிச் செல்ல முடிவுசெய்தனர். மற்ற ஆறுபேரும் ஆற்றோடு செல்லத் துணிந்தனர். இங்கே கவனியுங்கள்: அவர்கள் ஏசிக்கொண்டு பிரியவில்லை. போகிறவர்களுக்குத் துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன. ஆற்றில் இறங்கவிருந்த ஒருவர், தாம் மீளாவிட்டால் தம் சகோதரியிடம் சேர்க்கும்படி தம் கடிகாரத்தை ஹவ்லன்டிடம் ஒப்படைத்தார். ஒவ்வொரு சாராரும் மற்றவரே சாவை நோக்கிப் போகிறார் என்று எண்ணிக் கண்ணீர் விட்டனர். அறுவரும் பாய்ச்சலைக் கடந்தபின், மூவரும் மனம்மாறி வரக்கூடுமெனத் துப்பாக்கி வெடித்து அறிவித்து, நெடுநேரம் காத்திருந்தனர்.

முடிவு என்ன? ஆற்றில் இறங்கியவர்கள் அடுத்த நாளே பள்ளத்தாக்கைவிட்டு வெளியேறினார்கள். மேலேறிய மூவரும் மேட்டுநிலத்தில் கொல்லப்பட்டனர். கொன்றவர் யார் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்தில்லை. பின்னாளில் பள்ளத்தாக்கின் தென்விளிம்பில் பவலுக்கும் தோழர்களுக்கும் நினைவுச்சின்னம் எழுந்தபோது, இம்மூவரின் பெயர்களும் விலக்கப்பட்டன. கைவிட்டு ஓடியவர்கள் என்பது குற்றச்சாட்டு.

வாசகரே, இத்தீர்ப்பு நீதியானதா?

ஒரு கணம் மாற்றி எண்ணிப்பாருங்கள். அன்று பிற்பகலே இன்னுமொரு கொடிய பாய்ச்சலில் பிரட்லி என்பவர் தன்னந்தனியாக வள்ளத்தோடு அடித்துச் செல்லப்பட்டார். அவர் பிழைத்தது மயிரிழையில். அங்கே அறுவரும் அமிழ்ந்து, மேலேறிய மூவரும் ஊர் சேர்ந்திருந்தால், அதே மூவரையும் விவேகிகள் என்றும், பவலை மூர்க்கன் என்றும் உலகம் சொல்லியிருக்கும். அவர்கள் செய்த தீர்மானத்தில் ஓர் எழுத்தும் மாறியிராது. மாறியிருப்பது முடிவு மட்டுமே. முடிவோ அவர்கள் கையில் இருக்கவில்லை. கையில் இல்லாத ஒன்றுக்காக ஒருவனைக் கோழையென்றோ வீரனென்றோ தீர்ப்பிடுவது எப்படிச் சரியாகும்?

"அப்படியானால் எந்தத் தீர்மானத்தையும் குறைசொல்ல முடியாதா?" என நீங்கள் கேட்கலாம். முடியும். ஆற்றைப் பாராமல், எவரிடமும் கேளாமல், தன்னோடு வந்தவரின் உயிரையும் எண்ணாமல் குதிப்பவன், நீந்திக் கரைசேர்ந்தாலும் குற்றவாளியே. அவனைக் காப்பாற்றியது விவேகமன்று. ஆகவே ஒரு தீர்மானத்தை எடைபோட மூன்று கேள்விகள் போதும். தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொண்டானா? யாருடைய உயிரைப் பணயம் வைக்கிறான், அவர்கள் மனமுவந்து இசைந்தார்களா? மாற்றுக்கருத்துக் கொண்டவனை எப்படி நடத்தினான்? இம்மூன்றிலும் அந்த ஒன்பது பேரில் எவரும் தவறவில்லை.

இக்கதை எங்கோ நடந்ததுதான். ஆனால் போவதா, நிற்பதா என்று ஓரிரவுக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! போனவர்களில் இறந்தவருண்டு, நின்றவர்களிலும் இறந்தவருண்டு. "அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டிருந்தால்" என்ற ஒரு சொல் எத்தனை உடன்பிறப்புகளை இன்றும் பிரித்து வைத்திருக்கிறது! நடந்து முடிந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த இரவின் இருளில் நின்றவனுக்கு நாம் தீர்ப்பு வழங்குகிறோம்.

அந்த மூவரை நினைந்து, அவர்கள் பிரிந்த இடத்தில் பின்னாளில் வேறுசிலர் ஒரு பலகை பொருத்தினார்கள். கல்லில் விடுபட்ட பெயர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. உங்கள் வீட்டிலும் அப்படி விடுபட்ட பெயர் ஒன்று இருக்குமானால், அன்றைய இரவில் அவருக்குத் தெரிந்திருந்தது எவ்வளவு என்பதை மட்டும் எண்ணிப்பாருங்கள். பிறகு அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.